நைட் டியூட்டிக் குறிப்பேடு

ஜூன் 2

நாளை இரவு வார்டில் நர்ஸ் டியூட்டி ஏற வேண்டும். காலையில் வழக்கம்போல் எழுந்து, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு அப்படியே டியூட்டிக்குப் போவதுதான் முதல் நைட்டைக் கெடுப்பது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கே அந்த 17 முடிந்துவிடும். ஊசி போட இன்னும் பாதி ராத்திரி பாக்கி.

ஆகவே இன்று தாமதமாகப் படுக்கை, நாளை தாமதமாக எழுவது, மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை மறுபடி தூக்கம். தூக்கத்தின் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம்.

ஜூன் 4, காலை

வீட்டுக்குப் போகும் வழியில் வெயில் முகத்தில் பட்டால் மூளை பகல் என்று முடிவு கட்டிவிடும், அதனால் கறுப்புக் கண்ணாடி போடு என்பார்கள். வேறு யாராவது வண்டி ஓட்டினால் மட்டும் போடலாம். தானே ஓட்டுகிறவருக்கு அந்த வெளிச்சம் தேவை. தூங்கி வழியும் கண்ணுக்கு மேலே இன்னொரு இருட்டு எதற்கு? கடைசியாகக் கடந்த சிக்னல் நினைவில்லை என்றால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதுதான். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலறவிடுவதும் சில நிமிடத்துக்குமேல் தாங்காது.

ஜூன் 5

வீட்டு ஜன்னல் திரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் வெளிச்சம். அது போதும், தூக்கம் போச்சு.

ஜூன் 6

நாலு மணி.

உடம்புச் சூடு அன்றாடம் மிகவும் தாழ்வது விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில். தூக்க ஹார்மோனான மெலட்டோனினும் அப்போது நிறைந்திருக்கும். கை வேலை செய்யும், கணக்கு நழுவும். வார்டின் காலை வேலைகளும் அதையொட்டித்தான் குவிகின்றன: ரத்த மாதிரி, சுகர், ஆறு மணி ஆன்டிபயாடிக், இன்டேக் அவுட்புட் (உள்ளே போன திரவம், வெளியேறிய திரவம்) கூட்டல். யார் வகுத்த நேரமோ!

எவற்றை முன்னே இழுக்கலாம் என்பதுதான் கேள்வி. டிரிப் கணக்கை ஒரு மணிக்கே முடித்துவிடலாம். 500 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விடும் குழாய் செட்: 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 20.8, ஆக நிமிடத்துக்கு 21 சொட்டு. சிறு சொட்டு விடும் மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு, எனவே மணிக்கு எத்தனை மில்லியோ அதுவே நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பாட்டிலில் டேப் ஒட்டி எழுதிவிட்டால் நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தால் போதும், வகுக்க வேண்டாம். அவுட்புட்டையும் விடியட்டும் என்று விடாமல் அவ்வப்போது கூட்டி வரலாம். மணிக்கு, எடைக்கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் அது நடு ராத்திரியிலேயே தெரிய வேண்டிய சேதி.

இழுக்கக் கூடாதவையும் உண்டு. ரத்த மாதிரி எடுக்கும் குழாய்களில் முன்கூட்டியே பெயர் ஒட்டி வைப்பது வேலையை மிச்சப்படுத்துகிற மாதிரி இருக்கும். ஒருவர் பெயரொட்டிய குழாயில் இன்னொருவர் ரத்தம் போவது அப்படித்தான். எடுத்த பிறகு, படுக்கைப் பக்கத்திலேயே, நோயாளியின் பெயருள்ள கைப்பட்டையைப் பார்த்து ஒட்ட வேண்டும். மருந்தையும் முன்னதாகவே சிரிஞ்சில் ஏற்றி வரிசையாக வைக்கக் கூடாது.

இன்சுலின் அளவைச் சரிபார்க்க இரண்டு பேர். "பத்து யூனிட், சரிதானே சிஸ்டர்?" என்று நீட்டினால் தலையாட்டல்தான் பதிலாக வரும். இரண்டாமவர் டாக்டரின் ஆர்டரைத் தானே படித்து, தன் எண்ணைச் சொன்ன பிறகுதான் சிரிஞ்சைக் காட்ட வேண்டும்.

ஜூன் 7

"இரவு 12க்கு மேல் வாய்வழி எதுவும் வேண்டாம்." ஆபரேஷனுக்கு முந்தைய உத்தரவு இது. எந்த இரவு? 23.59 என்று தேதியோடு எழுதினால் சண்டை இல்லை. 12 தாண்டியதும் சார்ட்டில் தேதியை மாற்ற மறப்பதும் அதே வகைக் குழப்பம்.

ஜூன் 8

திரை ஓரத்தில் டேப். வென்றாகிவிட்டது. இனி வாசல் அழைப்பு மணி.

காபி பற்றி: கஃபைன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம்போல் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு மணிக்குக் குடித்தது காலை ஒன்பது மணிப் படுக்கையில் இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பன்னிரண்டரைக்குள் கடைசிக் கோப்பை. மூன்று மணிக்குக் குளிர்வது காய்ச்சல் அல்ல, சூடு தாழ்கிறது. ஸ்வெட்டர் போதும்.

ஜூன் 9

இடைவேளைத் தூக்கம் 20 நிமிடம். அதற்குமேல் போனால் ஆழத்தில் இறங்கிவிடும். எழுப்பினால் கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். எழுந்து கால் மணி நேரம் மருந்து அலமாரிப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

ஜூன் 10

"நன்றாகத் தூங்குகிறார்" என்று சார்ட்டில் எழுதுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆபரேஷன் முடிந்து, மூச்சையும் மந்தமாக்கும் வலி மருந்தான மார்ஃபின் போனவரின் குறட்டை நிம்மதியின் அடையாளம் அல்ல, தொண்டை பாதி அடைபடுவதாகவும் இருக்கலாம். தொடுவதற்கு முன், விளக்குப் போடுவதற்கு முன், முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால், விட்டு விட்டு வரும் மூச்சு தப்பிவிடும். எட்டுக்கு வந்துவிட்டால் எழுப்பிப் பார், டாக்டரைக் கூப்பிடு. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 98 காட்டுகிறதே என்றால், ஆக்சிஜன் ஓடும்போது அந்த எண் கடைசியில்தான் விழும். மூச்சு அதற்கு வெகுமுன்பே குறைந்திருக்கும்.

ஜூன் 11

கனவிலும் மருந்து பம்ப் அலாரம்.

ஜூன் 12

புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இரவு ஷிப்ட் வேலையை 2007இல் 2ஏ பிரிவில் வைத்தது, 2019இலும் அங்கேயே வைத்தது. "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற பட்டியல். சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அது சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. பகலில் இதைப் படித்தால் புரிகிறது. நாலு மணிக்கு நினைத்தால் புரிவதில்லை.

ரோஸ்டர் (டியூட்டிப் பட்டியல்) போடுகிறவர்கள் ஒன்றையாவது செய்யலாம்: காலை, மதியம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கி நகர்த்தலாம். உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம், தள்ளிப்போடுவது அதற்கு எளிது. இரவு, மதியம், காலை என்று திருப்பிப் போட்டால் தினமும் சண்டை. நைட் முடித்த அன்றே ஓர் ஓய்வு நாள் என்று கணக்கு காட்டுவதும் ஏமாற்று, அந்தப் பகல் தூங்கித் தீர்ந்துவிடும்.

ஜூன் 13

கடைசி நைட் முடிந்த காலையில் மாலை வரை தூங்கினால் அன்றிரவுத் தூக்கம் போச்சு. ஒன்றரையிலிருந்து மூன்று மணி நேரம், அலாரம் வைத்து, பிடிவாதமாக எழுந்து, வெளிச்சத்தில் நடை.

ஜூன் 17

புது ரோஸ்டர். மறுபடி நைட், வேறு வார்டு. கிராஷ் கார்ட் (அவசர சிகிச்சை வண்டி) அங்கே எந்த மூலையில் இருக்கிறது, சளி உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா, ஆக்சிஜன் சிலிண்டர் மீட்டரில் எவ்வளவு: முந்தைய ஷிப்டிடம் ஹேண்ட்ஓவர் வாங்கிய கையோடு பார்க்க வேண்டும்.