கல்யாண வேலை பார்த்தவர்களுக்குக் கையால் செய்த நன்றி அட்டைகள்

மொய் எழுதியவர்களுக்குத் திருப்பிச் செய்ய நம்மிடம் ஒரு முறை இருக்கிறது, அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் பார்த்து நாமும் எழுதிவிடுவோம். ஆனால் என் தம்பி கல்யாணத்தில் மூன்று பந்தியும் நின்று பரிமாறிய பெரியம்மா மகன், விடியுமுன் வந்து வாசலில் குலைவாழை கட்டிய பக்கத்து வீட்டு மாமா, தாலி கட்டுவதைக்கூட எட்டிப் பார்க்காமல் மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா, இவர்கள் கணக்கெல்லாம் எந்த நோட்டிலும் ஏறாது. தாம்பூலப் பை கொடுத்தோம், சரி, அது வந்த எல்லோருக்கும் கொடுத்ததுதானே. அதனால் ஆளுக்கொரு அட்டை செய்து, என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுப்பது என்று உட்கார்ந்தேன். செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கும் சார்ட் இதற்கு ஆகாது, மடித்தால் நிற்காமல் துவள்கிறது, ஈரக் கலர் பட்டால் நெளிகிறது. பாளையங்கோட்டையில் ஸ்டேஷனரி கடை அண்ணாச்சியிடம் சொன்னதும் ஐவரி அட்டையை எடுத்துப் போட்டார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு, ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் என்றால் இது 250, 300. புதுச்சேரி ஆசிரமத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைத்தாளும் கொஞ்சம் கையில் இருந்தது. அதன் சொரசொரப்பும் பிசிறான ஓரமும் அவ்வளவு அழகு! ஆனால் மைப்பேனா வைத்தால் எழுத்து ஊறிப் பரவுகிறது, பால் பாயிண்ட் பேனாதான் அதற்குச் சரி.

மடிப்பதில்தான் அட்டையின் லட்சணமே இருக்கிறது. எந்தத் தாளுக்கும் இழை ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், மடிப்பு அதன் போக்கிலேயே வரவேண்டும், குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்து நார் நாராகத் தெரியும். மை தீர்ந்த ரீஃபிலை ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் கடையில் வாங்கியதுபோல் கூர்மையாக வருகிறது. இதற்கென்று தனியாகக் கருவி எதுவும் வாங்கவேண்டியதில்லை.

அளவை முடிவு செய்தது தபால்தான். பாதிப் பேர் வெளியூர். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றே 19 கிராம் பக்கம் வருகிறது, அதோடு உறையும் சேர்ந்தால் சாதாரணத் தபாலின் 20 கிராம் வரம்பைத் தாண்டிவிடும். அந்தத் தாளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் ஏ6 அட்டை, பத்தரைக்குப் பதினைந்து செண்டிமீட்டர், உறையோடு சேர்த்தும் 5 ரூபாய் ஸ்டாம்பில் போய்விடும். உறைக்கு வீட்டில் சேர்ந்துகிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளையே எடுத்துக்கொண்டேன். ஒட்டிய இடத்தை மெதுவாகப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினால் புத்தம்புது உறை. மஞ்சள் தடவிய மூலை உள்ளே போய்விடும், அதை நான் அப்படியே விட்டுவைத்தேன், இருக்கட்டுமே.

முகப்பில் என்ன வரைவது என்று நிறையச் செய்து பார்த்தேன். மஞ்சள் கரைசலில் தோய்த்த தாளில் சுண்ணாம்புத் தண்ணீரால் எழுதினால், ஆரத்தி கரைக்கும்போது பார்ப்போமே, அதே சிவப்பு கண்ணெதிரே எழும்புகிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. ஆனால் சிவப்பு நிலைக்கவில்லை, சில நாளில் மங்கிப் பழுப்பாகிவிட்டது, மஞ்சளுமே வெயில் பட்டால் வெளுத்துவிடும். கொடுக்கிற பொருளுக்கு அது சரிவராது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு வைப்பது நன்றாக வருகிறது, வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி வழவழப்பை எடுத்துவிட்டு போஸ்டர் கலரில் தொடவேண்டும், அவ்வளவுதான். கறுப்பு அட்டையில் வெள்ளைக் கோலம் போட்டதைப் பார்த்து அத்தை, "கருமாதிக் கடுதாசி மாதிரி இருக்குடா, கல்யாண வீட்டுக்கு வேண்டாம்" என்றார்கள். சரியாகத்தான் பட்டது, காவிக்கு மாறினேன். அதுதான் கடைசிவரை நின்றது: காவி நிற அட்டை, வெள்ளை ஜெல் பேனா, 5 புள்ளியில் தொடங்கி 3 வரை இடைப்புள்ளி வைத்த சிக்குக் கோலம். மொத்தம் 19 புள்ளி, பென்சிலில் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தால் இந்த அட்டைக்கு அளவாக அமைகிறது. வெள்ளை ஜெல் பேனாவை வேகமாக இழுத்தால் கோடு விட்டுவிட்டு விழும், வளைவுகளில் நிதானமாகப் போய், காய்ந்த பின் இன்னொரு தடவை மேலே ஓட்டவேண்டும்.

இவ்வளவும் கைவேலை, பழகப் பழக வந்துவிடுகிறது. உள்ளே எழுதுவதுதான் உண்மையான வேலை. "தங்கள் வருகைக்கும் உதவிக்கும் மனமார்ந்த நன்றி" என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அச்சடித்தும் கொடுக்கலாம், அப்புறம் எதற்கு இந்தக் கோலமும் காவியும்? அதனால் தாளை வெட்டுவதற்கு முன்பே, அவரவர் செய்ததில் நான் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அட்டை செய்வது அதற்குப் பிறகுதான். பெரியப்பாவுக்கு எழுதியது இது: "பெரியப்பா, பந்திக்குக்கூட எழுந்திருக்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டீர்கள். மறுநாள் அப்பா கூட்டிப் பார்த்தார், ஒரு ரூபாய் இடிக்கவில்லை." ஆட்டோ அண்ணனுக்கு: "ஆச்சியைப் படியேற்றி மேடைவரை கைத்தாங்கலாகக் கூட்டிவந்தீர்கள், திரும்பிப் போகும்போதும் நீங்களாகவே வந்து நின்றீர்கள்." இதற்கு மேல் எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை. இப்படி எழுதிப் பார்த்துவிட்டால் எத்தனை வரி வரும், அட்டை படுக்கையா நெடுக்கையா என்பதும் தானாகத் தெரிந்துவிடுகிறது.

தமிழில் எழுதும்போது வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேலே கீ, மீ சுழிகள், கீழே து, று, ணு வால்கள், இரண்டும் முட்டாமல் இருக்க ஒரு செண்டிமீட்டர் வேண்டும். அட்டை தடிமன் என்பதால் கோடு போட்ட தாளை அடியில் வைத்தால் தெரியாது, மெல்லிய பென்சில் கோடு போட்டு, மை நன்றாகக் காய்ந்ததும் அழிக்கவேண்டும். ஐவரியின் வழவழப்பான பக்கத்தில் மை காய நேரமெடுக்கும், அதை முகப்புக்கு விட்டுவிட்டு உள்ளே மங்கலான பக்கம் வரும்படி மடித்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டபத்தில் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கு எழுத்து தெரியாது, அவர் மகள் வாசிக்க வாசிக்க நின்று கேட்டவர், "இன்னொருக்கா படி" என்றார்.

நாதஸ்வரக்காரருக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. முகூர்த்த நேரத்தில் நான் மாடியில் வேலையாக இருந்ததால் அவர் வாசித்ததைச் சரியாகக் கேட்கவில்லை. வீடியோ அடுத்த வாரம் வருகிறது, மாலை மாற்றும்போது என்ன வாசித்தார் என்று கேட்டுவிட்டுத்தான் அவருக்கு எழுதவேண்டும்.