திரையில் தெரிந்த எண்

ரேடியோ பழுது பார்க்கும் வேலையில் நான் சேர்ந்த புதிதில், மேசைக்கு வந்தவை பெரும்பாலும் டயலும் முள்ளும் கொண்ட பெட்டிகள். சிற்றலையில் தொலைதூர நிலையம் ஒன்றைப் பிடித்து வைத்தால், பெட்டி சூடேறச் சூடேற அது மெல்ல நழுவும். செய்தி முடிவதற்குள் குமிழை இரண்டு மூன்று முறை தொட்டாக வேண்டும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்க உள்ளேயே ஓர் அலையை உருவாக்கும் சுற்று ஆஸிலேட்டர். அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும்தான். வெப்பத்தில் இரண்டுமே சற்று மாறும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 15 மெகாஹெர்ட்ஸில் 1.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். மத்திய அலையில் அதே மாற்றம் 100 ஹெர்ட்ஸ் அளவில் அடங்கிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

எண் திரை வைத்த பெட்டிகள் வரத் தொடங்கியபோது, அவற்றின் ஆஸிலேட்டர் நகரவே நகராது என்று நம்பினேன். பணிமனையில் மூத்தவரான அண்ணன், பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் கணக்கு எழுதிக் காட்டினார்.

எங்களிடம் வந்த ஒரு வகைப் பெட்டி, எந்த நிலையத்தின் அலையையும் முதலில் ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளும். இந்த முதல் இடைநிலை அதிர்வெண் 55.845 மெகாஹெர்ட்ஸ். 15 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்க ஆஸிலேட்டர் இரண்டின் கூட்டுத்தொகையான 70.845 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அதை 14,169 ஆல் வகுத்தால் 5 கிலோஹெர்ட்ஸ். மறுபக்கம் துல்லியமாக அதிரும் 10.240 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் அதிர்வெண்ணை 2,048 ஆல் வகுத்தாலும் அதே 5 கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் ஒரு சுற்று நொடிக்கு 5,000 முறை ஒப்பிடுகிறது. ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணை மின்னழுத்தத்தால் மாற்றித் தருவது வராக்டர் டயோடு. ஆஸிலேட்டர் பின்தங்கினால் அதற்குப் போகும் மின்னழுத்தம் கூடும், முந்தினால் குறையும். வகுக்கும் எண்ணை 14,170 ஆக்கினால் பெட்டி 15,005 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவும். சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்வதால் அந்தத் தாவல் பொருத்தமானது. படி இன்னும் சிறிதாக வேண்டுமென்றால், ஒப்பிடும் வேகம் குறையும், வகுக்கும் எண் பெருகும், இரைச்சலும் அதோடு பெருகும்.

“நகராது என்று யார் சொன்னது? இதுவும் நகரத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்து வைக்கிறார்கள்” என்றார் அண்ணன். கணக்கு அன்றே புரிந்தது. அந்தச் சொல் புரிவதற்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பெட்டி வர வேண்டியிருந்தது.

“தம்பி, காலையில் 15 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் கேட்பதில்லை. அரை மணி நேரம் கழித்து எல்லாம் வந்துவிடுகிறது. சூரியன் ஏற ஏற மேல் அலைவரிசைகள் திறப்பது இயற்கைதானே?” என்றார். இயற்கைதான். அந்த அலைவரிசைகள் பகலுக்கு உரியவை. சிற்றலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் வானத்து அடுக்கான அயனி மண்டலம் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் நானும் பெட்டியைத் திறக்காமலேயே அவரை அனுப்பிவிட்டேன். அது தவறு.

இரண்டாம் முறை அவர் வந்தபோது நண்பகல். வெயில் உச்சியில் இருந்தும் முதல் அரை மணி நேரம் 17 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஊமையாகக் கிடந்தது. பெட்டியைத் திறந்து வராக்டர் மின்னழுத்தத்தை அளந்தேன். 5 மெகாஹெர்ட்ஸில் சரியாக இருந்தது. மேலே போகப் போக ஏறியது. 15-ஐ ஒட்டி 11 வோல்ட்டில் நின்றுவிட்டது. திரையில் மட்டும் 17,600, 17,700 என்று எண்கள் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன.

மல்டிமீட்டர் முள்ளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை காட்டியது நாங்கள் கேட்ட எண்ணை. ஆஸிலேட்டர் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று அது அளக்கவே இல்லை. பழைய டயல் முள்கூட கண்டென்சரோடு சேர்ந்து சுழன்றது. இந்த எண்ணுக்கு அந்தப் பிணைப்பும் கிடையாது.

பேட்டரியின் 6 வோல்ட்டை உயர்த்தி வராக்டருக்குத் தரும் சிறு சுற்றில் சுமார் 20 வோல்ட் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வற்றியிருந்தது. ஹேர் டிரையரால் அதை மட்டும் சூடாக்கினேன். மின்னழுத்தம் ஏறியது, 17 மெகாஹெர்ட்ஸ் பகுதி உயிர்பெற்றது. ஆசிரியரின் அரை மணி நேரம் வானத்தில் இல்லை, அந்தக் கண்டென்சர் சூடாவதில் இருந்தது. இழுத்து வைக்கும் கைக்கே வலுவில்லை என்றால் கிரிஸ்டல் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

அதற்குப் பிறகு எண் திரைப் பெட்டி எது வந்தாலும், முதலில் அலைவரிசையின் இரு முனைகளிலும் அந்த மின்னழுத்தத்தை அளந்து எழுதி வைக்கிறேன். பிழை மேல் முனையில் மட்டும் என்றால், ஒப்பிட்டு இழுத்து வைக்கும் அந்தச் சுற்று வளையத்தைச் சந்தேகிப்பேன். எல்லா நிலையங்களும் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் கிரிஸ்டல் பக்கம் போவேன். சரிபார்க்கச் சீனாவின் பிபிஎம் நேர நிலையம் உதவுகிறது. 10 மெகாஹெர்ட்ஸில் அதன் நொடித் துடிப்பைக் கேட்கலாம், பகலில் 15-லும்.

ஆசிரியரின் பெட்டியை இரவு முழுவதும் அணைத்தே வைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு அவர் வந்ததும், “நீங்களே போடுங்கள் சார்” என்று நகர்ந்து நின்றேன். குளிர்ந்திருந்த பெட்டியில் அவர் 15,000 என்று அழுத்தினார். இரைச்சலுக்கு அடியில் துடிப்பு கேட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காதைப் பெட்டியோடு வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார்.