வலை இறங்காத நாள்

சியாட்டிலில் நான் சேர்ந்திருக்கும் தூண்டில் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை குளிர்கால ஸ்டீல்ஹெட் மீனை, அதாவது கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் வகையைத் தேடிப் பயணம் போகும். இந்த முறை எங்கள் வாஷிங்டன் மாநிலத்திலேயே உள்ள குவினால்ட் ஆறு என்று முடிவானது. ஏற்பாடுகள் என் பொறுப்பு. உரிமம்தான் எல்லோரிடமும் இருக்கிறதே, தேதி குறித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் அக்டோபரில் வேலையைத் தொடங்கினேன்.

அந்த ஆற்றில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். பிறப்பது ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் மலைகளில். நடுவில் குவினால்ட் ஏரி. ஏரியும், அதற்குக் கீழே தஹோலாவில் கடல் சேரும் வரை ஆறு ஓடும் நிலமும் குவினால்ட் பழங்குடியினருடையவை. கீழாற்றில் வெளியார் தூண்டில் போட வேண்டுமென்றால் அந்த இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி கூடவே இருந்தாக வேண்டும். வாஷிங்டன் மாநில உரிமத்தை நம்பித் தனியாகப் போய்க் கரையில் நிற்க முடியாது.

இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னதும் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஆறு எல்லோருக்கும் பொதுவில்லையா என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. 1855, 1856 ஆண்டுகளில் அமெரிக்க அரசோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த மக்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமாக மீன் பிடித்த இடங்களில் பிடிக்கும் உரிமையை மட்டும் விடவில்லை. அந்த உரிமைக்காகவும் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தது 1974இல்தான். அவர்கள் வீட்டு வாசலில் நின்று அழைப்புக்குக் காத்திருப்பதில் நமக்கு என்ன குறை என்று கேட்டேன். மறுபேச்சு எழவில்லை.

வழிகாட்டி கிடைப்பது எளிதாக இல்லை. படகு ஒன்றுக்கு இருவர் என்பது கணக்கு. நாங்கள் எட்டுப் பேர், நான்கு படகுகள் ஒரே நாளில் வேண்டும். பலர் பழைய வாடிக்கையாளர்களுக்கே முழுப் பருவத்தையும் ஒதுக்கியிருந்தார்கள். நான்கு நாள் தொலைபேசியில் அலைந்த பிறகு ஒரு பெரியவர் கிடைத்தார். மற்ற மூன்று படகுகளை அவரே உறவினர்களிடம் பேசி ஏற்பாடு செய்தார். அவர் கேட்ட முதல் கேள்வி எந்தத் தேதி என்பதல்ல, எந்தக் கிழமை என்பது. அவர்களுடைய ஆள்கள் ஆற்றில் வலை போடும் நாள்கள் உண்டு, போடாத நாள்கள் உண்டு. எங்கள் பயணத்தை அதற்குள் பொருத்த வேண்டும். இதை முன்பே யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நீங்களும் போவதாக இருந்தால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுப்பை அதன் பிறகு போடுங்கள்.

ஜனவரியில் குறித்த நாள் மழையில் போயிற்று. அந்தப் பக்கம் ஆண்டுக்கு 3 மீட்டருக்கு மேல் மழை கொட்டும் காடு. முந்தைய நாள் மாலை அவரே அழைத்தார்: "மரங்களை இழுத்துக்கொண்டு போகிறது ஆறு. வராதீர்கள்." முன்பணத்தை அப்படியே பிப்ரவரிக்கு மாற்றிக்கொண்டார்.

பிப்ரவரி கடைசியில், விடியும் முன் படகுத்துறையில் நின்றோம். நீர் வெளிர் பச்சையாக, முழங்கால் ஆழம் வரை கல் தெரியும் தெளிவில் ஓடியது. பெரியவர் எங்கள் பொய்ப்பூச்சிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். மீனைக் காயமின்றி விடுவிக்க முள்ளின் பின்கொக்கியை நசுக்கிவிட வேண்டும்; நான் நசுக்கியிருந்தது போதவில்லை. தன் கம்பளிச் சட்டைக் கையில் குத்தி இழுத்துக் காட்டினார். ஓர் இழை மாட்டியது. குறட்டால் இன்னொரு முறை அழுத்தி, மறுபடி குத்தினார். வழுக்கிக்கொண்டு வந்தது. "இப்போது சரி" என்றார்.

படகிலிருந்து எறிவதில்லை. கூழாங்கல் திட்டுகளில் இறங்கி, தொடை அளவு நீரில் நின்று, இரு கைகளால் பிடிக்கும் நீளக் கோலால் குறுக்கே எறிய வேண்டும். நீரோட்டம் பூச்சியை வளைத்து இழுத்துக் கரைப்பக்கம் கொண்டுவரும். இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி எறிய வேண்டும். இதையே காலை முழுவதும் செய்தேன். விரல் மரத்துப்போய்த் தங்கூசி முடிச்சு ஒன்றைப் போடப் பத்து நிமிடம் ஆனது.

மதியத்துக்கு மேல் ஒரு மடு முடியும் இடத்தில் என் படகுத் தோழருக்கு மாட்டியது. ரீல் அலறியது. கால்மணி நேரம் போராடி வலைக்கூடைக்குள் கொண்டுவந்தார்கள். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கப் பெரியவர் சம்மதிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். முதுகு எஃகு நீலம், பக்கங்கள் தேய்த்து வைத்த வெள்ளி. மலத்துளையின் அருகே கடல்பேன்கள் இரண்டு, நூல் போன்ற வாலோடு ஒட்டியிருந்தன. நன்னீரில் அவை அதிக நாள் தாங்காது. அப்படியென்றால் இந்த மீன் கடலை விட்டு வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். சால்மன் போல முட்டையிட்டதும் எல்லாம் மடிந்துவிடுவதில்லை, சில திரும்பவும் கடலுக்குப் போய் மறுபடி வரும் என்று சொல்லிக்கொண்டே, வால்மூட்டை மெல்லப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பினார். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. பிறகு அவர் கையில் எதுவும் இல்லை.

எனக்கு ஒரே ஓர் இழுப்பு. கை முழங்கை வரை அதிர்ந்தது, விட்டுப் போயிற்று. அதன் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

எட்டுப் பேருக்கு அன்று மூன்று மீன். இருட்டுவதற்கு முன் கீழ்த்துறையில் படகை ஏற்றினோம். அங்கே ஓர் இளைஞன் லாரியின் பின்பக்கத்தில் வலையை மடிப்பு மடிப்பாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் அவனிடம் எந்தெந்த மடுவில் மீன் நிற்கிறது என்று சொன்னார். என் மடுவையும் சொன்னார். அவன் தலையசைத்துவிட்டு அடுத்த மடிப்பை எடுத்தான்.