சீகல் டைரி: கிராங்க்ல ஆட்டம்

மார்ச் 9, 2024, சனி

போன மாசம் சவுத்தாம்ப்டன் பக்கத்துல ஒரு கார் பூட் சேல்ல (கார் டிக்கில வச்சு பழைய சாமான் விக்கிற சந்தை) 40 பவுண்டுக்கு வாங்கின படகு இன்ஜின், பிரிட்டிஷ் சீகல் ஃபார்ட்டி பிளஸ்ஸ இன்னிக்குத்தான் வெளிய எடுத்தேன். நம்பர வச்சுப் பாத்தா 1966. பூல்ங்கிற ஊர்ல செஞ்ச இன்ஜின், இங்கேருந்து கார்ல ஒரு மணி நேரம்தான். கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட் ஆனா புரொப்பல்லரும் கூடவே சுத்தும், அதனால பெரிய குப்பத்தொட்டில தண்ணி ரொப்பி அதுல மாட்டி வச்சுட்டு மேல இருக்குற ஃப்ளைவீல் சக்கரத்துல கயித்த சுத்தி இழு இழுன்னு இழுத்தேன், முப்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவ அஞ்சு நிமிஷம் ஓடிச்சு. சூடானதும் நின்னுச்சு, அப்புறம் எவ்ளோ கெஞ்சியும் ம்ஹூம். ஃப்ளைவீலுக்கு அடில ஒரே எண்ணெய் ஈரம். கைல புடிச்சு தூக்கிப் பாத்தா மேலயும் கீழயும் டக் டக்குங்குது. கிராங்க், அதான் பிஸ்டன் சுத்தி விடுற ஷாஃப்ட், காலின்னு முடிவு கட்டிட்டு சாப்பிடப் போயிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

பெரியப்பாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். மணப்பாட்டுல வள்ளத்துல மண்ணெண்ணெய் இன்ஜின் வச்சு முப்பது வருசம் கடலுக்குப் போன மனுசன். சீகல்ல பாத்ததே இல்ல, ஆனா டூ ஸ்ட்ரோக்னா டூ ஸ்ட்ரோக்தான? பத்தே நிமிஷத்துல வாய்ஸ் வந்துட்டு. "ஏலே, மேல கீழ ஆடுனா ஆடிட்டுப் போட்டும், நெட்டுக்குத்தா நிக்க கிராங்க்குல்லா அது. பக்கவாட்டுல ஆடுதான்னு பாரு. அதுக்கு முன்ன மேல உள்ள நட்டு டைட்டா இருக்கான்னு பாத்தியா?"

பாக்கல. கால் சுத்து லூசா இருந்துச்சு. டைட் வச்சதும் பாதி ஆட்டம் காணோம். என்ஜினியரிங் படிச்சவன்னு வெளிய சொல்லிக்க முடியாது இனிமே.

மிச்சம் இருந்த மேல் கீழ் ஆட்டம், சீகல்ல கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அத விட்டுட்டேன். ஆனா பக்கவாட்டுல தள்ளிப் பாத்தாலும் விரலுக்குத் தெரியுது. அதுதான் சங்கடம்.

மார்ச் 16, சனி

ஆட்டத்த ஊசி வச்சு அளக்குற டயல் கேஜ் வாங்கியாச்சு. அதோட மேக்னட் ஸ்டாண்ட கிராங்க் கேஸ்ல (கிராங்க்க மூடியிருக்குற கூடு) வச்சா வழுக்கிட்டு விழுது, என்னடா மேக்னட் டூப்ளிகேட்டான்னு பாத்தா, அலுமினியத்துல எப்படிய்யா ஒட்டும்! கடைசில இன்ஜின் மாட்டியிருக்குற மரப்பலகைலயே ஒரு இரும்புத் தகட்ட ஜி கிளாம்ப் போட்டு இறுக்கி அது மேல ஸ்டாண்ட வச்சேன்.

மொதல்ல ஃப்ளைவீல் விளிம்புல ஊசிய வச்சு அளந்தேன், 0.6 மில்லிமீட்டர். நெஞ்சு அடைச்சுட்டு. அப்புறந்தான் உறைச்சுது, ஷாஃப்ட்ட தாங்குற வெண்கலக் குழல், அதான் புஷ், அத விட்டு விளிம்பு எவ்ளோ தள்ளி இருக்கு, ஷாஃப்ட் இத்துனூண்டு சாஞ்சாலும் அங்க பெருசாத்தான் காட்டும். ஃப்ளைவீல கழட்டிட்டு புஷ்ஷ ஒட்டி ஷாஃப்ட்லயே ஊசிய வச்சு அளந்தா 0.28. புது வெண்கல புஷ்ஷா இருந்தா 0.05 கிட்ட இருக்கணும். அதனால பெருசுதான், ஆனா காலைல பயந்த அளவுக்கு இல்ல.

இன்னொரு விஷயம். கயிறு இழுத்து இழுத்து அந்தப் பக்கமாத்தான் தேஞ்சிருக்கும்னு பெரியப்பா சொல்லியிருந்தாரு. ஆனா சிலிண்டர் இருக்குற திசைல 0.28, அதுக்குக் குறுக்க 0.15தான். பிஸ்டன் அடிக்கிற அடிதான் தின்னுருக்கு. அவர்ட்ட இன்னும் சொல்லல.

மார்ச் 17, ஞாயிறு

ஸ்பார்க் வர வைக்கிற காண்டாக்ட் பாயிண்டோட கேப்ப 0.5 மில்லிமீட்டர்ல வச்சேன். ஷாஃப்ட்ட ஒரு பக்கம் தள்ளுனா 0.4, அந்தப் பக்கம் தள்ளுனா 0.6. பாயிண்ட்ட திறந்து மூடுற கேம், கிராங்க் ஷாஃப்ட்லயே இருக்கு, ஷாஃப்ட் ஆடுனா கேப்பும் ஆடும், ஓடும்போது ஸ்பார்க் எப்ப வரும்னு அதுக்கே தெரியாது. ஒரு வாரமா பிளக்க மாத்தி மாத்தி போட்டது வேஸ்ட்.

அப்புறம் சோப்புத் தண்ணி. பாத்திரம் கழுவுற லிக்விட கலக்கி மேல் புஷ்ஷ சுத்தி தடவிட்டு கிராங்க்க மெதுவா சுத்துனேன். பிஸ்டன் இறங்கும்போது கொப்புளம் ஒண்ணு பெருசா ஊதிச்சு, ஏறும்போது உள்ள இழுத்துக்கிச்சு. கைக்கொழந்த வாயில எச்சி முட்டை விடுமே, அதே மாதிரி. இதுல ஆயில் சீல் கிடையாது, நீளமான புஷ்ஷும் அதுல நிக்கிற எண்ணெயும்தான் சீல். அது தேஞ்சா காத்து உள்ள போகும், கலவை மெலிஞ்சிரும், கிராங்க் கேஸ்ல அழுத்தமும் நிக்காது. சூடாகி எண்ணெய் இளகுனதும் நின்னு போச்சே, அதுக்குக் காரணம் இதாத்தான் இருக்கும்.

இந்த மாடலுக்கு பெட்ரோல் பத்துக்கு ஆயில் ஒண்ணு. வித்தவரு கூடக் குடுத்த கேன்ல மார்க்கர்ல 50:1னு எழுதியிருக்கு. எத்தன வருசம் அப்படி ஓட்டுனாரோ மகராசன்.

மார்ச் 23, சனி

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடோட பெரிய முனைலயும் (கிராங்க் பக்கம்) ஆட்டம் இருந்தா செலவு எகிறிரும், அதையும் பாத்துரலாம்னு பிளக் ஓட்டை வழியா ஒரு சாப்ஸ்டிக்க விட்டு பிஸ்டன்ல முட்ட வச்சுட்டு ஷாஃப்ட்ட இப்படி அப்படி லேசா திருப்புனேன். ஷாஃப்ட் நல்லா திரும்புது, குச்சி அசையவே இல்ல. அய்யோ ராடும் போச்சான்னு டீய கூட குடிக்காம உக்காந்துட்டேன். பாத்தா பிஸ்டன் உச்சில நிக்குது, அங்க ஷாஃப்ட் கொஞ்சம் திரும்புனாலும் பிஸ்டன் நகராதுல்ல! பாதி தூரத்துக்குக் கொண்டு வந்து திருப்புனா குச்சி உடனே அசைஞ்சுது. ராடு தப்பிச்சுது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பெரியப்பா இன்னிக்குக் கடலுக்குப் போகல, சிலுவைப்பாதை முடிஞ்சு வந்து வீடியோ கால்ல உக்காந்துட்டாரு. கீழ் பாகத்தையும் பிரிச்சு அளந்தாச்சு, கீழ் புஷ்ல 0.08, அது இருக்கட்டும். மேல் புஷ்ஷ மட்டும் மாத்தணும். ஷாஃப்ட்ட கேமரால காட்டச் சொன்னாரு, நகத்த வச்சுத் தேச்சுப் பாக்கச் சொன்னாரு, நகம் எங்கயும் மாட்டல. "ஷாஃப்ட் நல்லாத்தான்ல இருக்கு, புஷ்ஷ அடிச்சு எறக்கிராத, பிரஸ்ல வச்சு எறக்கு, கீழ உள்ள புஷ்ஷோட ஒரே நேர்ல ரீமர் போடச் சொல்லு"ன்னாரு. ரீமர்னா ஓட்டைய சரியான அளவுக்கு சுரண்டி எடுக்குற கருவி. சரி பெரியப்பான்னேன்.

சிலிண்டர் பக்கமாத்தான் தேஞ்சிருக்குன்னு அப்பதான் மெதுவா சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நீ கயிற சரியா இழுத்திருக்க மாட்ட"ன்னாரு.

லேத் கடைல கேட்டேன், ஈஸ்டர் கழிச்சு செவ்வாக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.