பழைய படிவங்களை மெயில் மெர்ஜுக்குக் கொண்டுவரும்போது எங்கே சிக்கும், ஏன்

வாடிக்கையாளர் படிவ வேலையில் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே கணக்கு எண் ஐந்தாறு தாள்களில் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு தரவுத்தாளில் (பட்டியலில்) ஒரே தடவை எழுதிவைத்து, ஒவ்வொரு படிவத்திலும் தானாக நிரப்பவைப்பதுதான் மெயில் மெர்ஜ். இதற்கென்று தனி மென்பொருள் தேவையில்லை. வேர்டும் எக்செலும் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் மட்டும் இருந்தாலும் நடக்கும். நேரத்தை விழுங்குவது பழைய படிவத்தைச் சீர்செய்வதும் தரவுத்தாளை ஒழுங்காக வைப்பதும்தான்.

முதல் வேலை எழுத்துரு. படிவம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால், இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள். பாமினிக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அரைப்புள்ளிக் குறி மெய்யெழுத்தின் புள்ளியாகவும், காற்புள்ளிக் குறி ‘இ’ ஆகவும் தெரியும். அதனால் கோப்பு முழுவதையும் அள்ளி, யுனிகோடுக்கு மாற்றித்தரும் கருவியில் ஒட்டினால், சாதாரண எழுத்துருவில் தட்டியிருந்த 1,25,000 என்ற தொகை 1இ25இ000 என்று வந்து நிற்கும். வேர்டின் தேடலில் சொல்லைக் கொடுக்காமல் எழுத்துருவை மட்டும் கொடுத்துத் தேடலாம். அப்படி அகப்படும் பாமினிப் பகுதிகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் ஒரு படிவத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

கையில் பிடிஎஃப் மட்டுமே இருந்தால் வேறு தொல்லை. பல பிடிஎஃப்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிந்திருக்கும். நகலெடுத்து ஒட்டும்போது ‘கொடு’ என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னால் தனியாகப் போய் விழும். இரண்டு பக்கப் படிவம் என்றால் புதிதாகத் தட்டுவதே சீக்கிரம் முடியும்.

அடுத்தது அமைப்பு. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இடம்விட்ட படிவம், பெயர் நீண்டதும் சிதறிவிடும். அந்த இடங்களை அட்டவணையாக்கி, பத்தியின் (நெடுவரிசையின்) அகலம் உள்ளடக்கத்துக்கேற்ப மாறும் தேர்வை நிறுத்தி, கோடுகளை மறைத்துவிடுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸ் வேண்டாம். வேர்டிலிருந்து லிப்ரே ஆபிஸுக்குப் போகும்போது முதலில் நகர்வது அதுதான். காலிப்ரி இல்லாத கணினியில் கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் வரிகள் மாறாது, இரண்டின் எழுத்தகலமும் ஒன்றே.

தரவுத்தாளில் ஓர் ஆளுக்கு ஒரு வரி, முதல் வரியில் தலைப்புகள், இணைத்த கட்டங்கள் எதுவும் கூடாது. கணக்கு எண், தொலைபேசி எண் பத்திகளை, எண்ணை இடுவதற்கு முன்பே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காக்கும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். பின்னால் வடிவத்தை மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. முன்னால் இருக்கும் சுழியங்களும் இப்படித்தான் தொலைகின்றன.

தேதி இன்னொரு கண்ணி. தாளில் 05.04.2024 என்று சரியாகத் தெரிந்தாலும் மெர்ஜில் மாதம் முன்னே வந்து 4/5/2024 ஆகலாம். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, எக்செலின் டெக்ஸ்ட் (TEXT) சார்பால் தேதியை எழுத்தாக்கி, அந்தப் பத்தியையே படிவத்தில் தேதி நிரம்பும் இடத்துக்கான புலமாக வையுங்கள். தரவு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக வந்திருந்தால், அதை இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். எக்செலின் டேட்டா மெனு வழியாக உள்ளிழுத்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

வேர்டு எல்லா ஆட்களின் படிவத்தையும் ஒரே கோப்பாகக் கொடுக்கும். ஆளுக்கொரு கோப்பு வேண்டுமென்றால் மேக்ரோ (வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதவேண்டும். இந்த இடத்தில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் மேல் என்பேன். படிவத்தை அச்சிடக் கொடுத்து, வரும் பெட்டியில் தனித்தனிக் கோப்புகளாகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுத்தால், தரவுத்தாளின் ஒரு பத்தியிலிருந்தே கோப்புப் பெயரையும் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர்ப் பத்தியைக் கொடுக்காதீர்கள், இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கலாம். வாடிக்கையாளர் எண்ணைக் கொடுங்கள்.

முழுப் பட்டியலையும் ஓட்டும் முன் மூன்று வரிகளை மட்டும் சோதியுங்கள்: மிக நீளமான பெயர், இரண்டாம் வரி இல்லாத முகவரி, சுழியத்தில் தொடங்கும் எண்.