எஃப்5 மந்திரி

நவம்பர் 2, ஞாயிறு
செஸ் கிளப்பில் தோற்றேன். எனக்குக் கறுப்பு, வழக்கம்போலக் காரோ-கான் டிஃபென்ஸ். ஈ4, சி6. டி4, டி5. அந்தப் பையன் ஈ5 என்று சிப்பாயைத் தள்ளினான். நான் மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்தேன். இந்த டிஃபென்ஸை நான் பிடித்துக்கொண்டதே இதற்காகத்தான். பிரெஞ்ச் டிஃபென்ஸில் அந்த மந்திரி சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைந்து கிடக்கும். இங்கே முதலிலேயே வெளியே போய்விடும். அவன் எச்4. யோசிக்காமல் ஈ6 வைத்தேன். ஜி4. மந்திரி ஈ4-க்கு ஓடியது, எஃப்3. ஜி6-க்கு வந்தது, எச்5. ஏழே மூவ். ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டுச் செத்தது.

வெளியே அனுப்பிவிட்டு, ஈ6-ஆல் வீட்டுக் கதவையும் நானே சாத்தியிருக்கிறேன்.

நவம்பர் 3
அண்ணனிடமிருந்து போன் இல்லை.

நவம்பர் 4
இரவு 11 மணிக்குத்தான் கரண்ட் வந்தது. முதலில் போனைச் சார்ஜில் போட்டேன், பிறகு போர்டை விரித்தேன். 1961 உலகச் சாம்பியன்ஷிப்பில் பொட்வின்னிக்கிடமும் தால் இதே எச்4 ஆடியிருக்கிறார். பொட்வின்னிக் எச்6 வைத்தார். ஜி4 வந்ததும் மந்திரியை டி7-க்கு இழுத்துக்கொண்டார். ஈ6 காலியாக இருந்ததால் திரும்பி வர வழி இருந்தது. மூன்று தடவை ஆடிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 6
அம்மாவோடு ரங்கூன் காளி கோயில். 1871-இல் இங்கே வந்த நம் தமிழ் ஆட்கள் கட்டியது. அவர்களுக்காக ஊரில் யார் யார் காத்திருந்தார்களோ.

எல்லை தாண்டி, தாய்லாந்தின் மே சோட் போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்றுதான் அண்ணன் சொன்னான்.

நவம்பர் 8
தாத்தா பழைய சிட்டுயின் பலகையை எடுத்தார், பர்மியச் செஸ். அதில் சிப்பாய்கள் மட்டும்தான் முன்கூட்டியே நிற்கும். ராஜாவிலிருந்து எல்லாக் காயையும் அவற்றுக்குப் பின்னால் நமக்குப் பிடித்த இடத்தில் வைக்கலாம். நமக்கு யானை நேரே ஓடும். அங்கே அந்த வேலை தேருக்கு. யானைக்கு ஒரே கட்டம், குறுக்கே நான்கு பக்கமும், முன்னால் ஒன்றும். இரண்டு யானையையும் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, “என் யானை ரொம்பத் தூரம் போகாது பாப்பா” என்றார். பிறகு, “போன் வந்துச்சா?” என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு
அதே பையன். மறுபடியும் கறுப்புக் கேட்டு வாங்கினேன். எச்4 வந்ததும் கை ஈ6-க்குத்தான் போனது, இழுத்துக்கொண்டேன். எச்6. ஜி4. மந்திரி டி7-க்கு வந்து நின்றது, ஒரு கீறலும் இல்லாமல். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாலு நிமிஷம் ஓடிவிட்டது. பதினெட்டாவது மூவில் அம்மா கிளப் வாசலில் வந்து நின்றது, கையில் போனோடு. கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்தேன். மீதியை நாளைக்கு