சித்தப்பா சிக்னலுக்கு வந்துவிட்டார்

காலையில், வாட்ஸ்அப் மாதிரியே செய்தி அனுப்பும் செயலியான சிக்னலில் ஒரு அறிவிப்பு. சித்தப்பா சேர்ந்துவிட்டாராம்.

"என்ன சித்தப்பா திடீர்னு?" என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக்காரன் வாங்கிட்டானாமேப்பா!"

வாங்கியது 2014-இல். சரி, பரவாயில்லை. வந்து சேர்ந்த இடம் பொருத்தமானதுதான்.

வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2009-இல் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டுப் போனவர். கிடைக்கவில்லை. நண்பர் ஜான் கூமுடன் சேர்ந்து வாட்ஸ்அப்பை வளர்த்தார். ஐந்து வருடத்தில் அதே ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் பேசி வாங்கியது. அப்போது வாட்ஸ்அப்பில் வேலை பார்த்தவர்களோ ஐம்பத்துச் சொச்சம் பேர்தான்.

உக்ரைனிலிருந்து அம்மாவுடன் அமெரிக்கா வந்த கூம், அரசின் உணவு உதவிக்காக ஒரு காலத்தில் வரிசையில் நின்றவர். அந்த அலுவலகம் இருந்த பழைய கட்டடத்துக்கே போய், அதன் கதவில் காகிதத்தை வைத்து ஒப்பந்தத்தில் விற்பனைக் கையெழுத்துப் போட்டார். எனக்கு இந்தக் காட்சி போதும்.

ஆக்டன் கதை வேறு. விளம்பரம் வைத்துக் காசு பார்க்கும் பேச்சில் முட்டிக்கொண்டு, கைக்கு வரவேண்டிய பங்குகளையும் விட்டுவிட்டு 2017-இல் வெளியேறினார். மறு வருடம் 5 கோடி டாலரைச் சிக்னலை நடத்தும் சிக்னல் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். ஃபேஸ்புக் கொடுத்த காசு, ஃபேஸ்புக்கின் போட்டிக்காரனுக்கு!

இதில் இன்னொரு கூத்து: வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டிவைக்கும் குறியாக்க முறையே சிக்னல்காரர்கள் உருவாக்கியதுதான்.

வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக் நிறுவனத்திலிருந்து பிரித்துவிடச் சொல்லி அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020-இல் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் தோற்றது. 2014-இல் இந்த விற்பனையைத் தடுக்காமல் விட்டதும் அதே ஆணையம்தான்.